உப்புக்காற்றில் மிளகாய்க் கன்று: தொட்டி மாற்றிய பிறகு தண்ணீரும் மண்ணின் பிஎச்சும்

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் மாடியில் மிளகாய் வைப்பவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றுப் பையில் இருக்கும்வரை கன்று பச்சைப்பசேல் என்று நிற்கும், பெரிய தொட்டிக்கு மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கொழுந்து வெளுத்து, இலை நுனி கருகி, வளராமல் அப்படியே நின்றுவிடும். உடனே பூச்சி என்று மருந்து அடிக்கிறோம், சத்து போதவில்லை என்று உரம் போடுகிறோம். நம்ம கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊற்றுகிற தண்ணீரை. மண்ணை எவ்வளவு பக்குவமாகக் கலந்து வைத்தாலும், தினமும் ஊற்றும் தண்ணீர்தான் சில வாரங்களில் அந்த மண்ணின் குணத்தைத் தீர்மானிக்கும்.

மிளகாய்க்குப் பிடித்த பிஎச் (புளிப்புத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் எண், 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 6-லிருந்து 7-க்குள். நம்ம மணலில் சிப்பித் தூளும் பவளச் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் பிஎச் எளிதாக 8-ஐத் தொடும். ஒன்று கூடினால் காரத்தன்மை பத்து மடங்கு என்பதை மனதில் வையுங்கள், 7-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. இவ்வளவு ஏறிவிட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான்.

தொட்டி மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. காய்ந்த மண்ணை ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அந்த மண்ணில் கந்தகம் போட்டு பிஎச் இறக்கப் பார்ப்பது வீண் வேலை, உருவாகும் அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பே தின்றுவிடும். சுண்ணாம்பு இல்லாத மண்ணில்கூடக் கந்தகம் வேலை செய்ய வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும், புதிதாக நட்ட கன்று அதுவரை காத்திருக்காது. அதனால் கடற்கரை மணலைத் தொட்டியில் சேர்க்கவே வேண்டாம். செம்மண், நன்றாக மக்கிய தொழுவுரம், கழுவிய தென்னை நார்க்கழிவு, இது போதும். நார்க்கழிவைக் கழுவாமல் போடாதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள். ஆட்டுப் புழுக்கையும் பழையதாக, மண் வாசனை வரும் அளவுக்கு மக்கியதாக இருக்க வேண்டும்.

பிஎச் பார்க்க மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் சொட்டு மருந்தும் தாளும் கிடைக்கும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு பேட்டரித் தண்ணீர் (மழைத் தண்ணீரும் சரிதான்) விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வைத்துத் தெளிந்த நீரில் பாருங்கள். போர் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் மண்ணோடு தண்ணீரின் குணமும் சேர்ந்துதான் தெரியும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். பிஎச் வேறு, உப்பு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கன்று போகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் தண்ணீரின் பிஎச் இறங்கும், ஆனால் உப்பு ஒரு துளிகூடக் குறையாது. உப்பைப் பார்க்க ஆர்ஓ (தண்ணீர் சுத்திகரிக்கும்) மெஷின்காரர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். மிளகாய் உப்பு தாங்காத பயிர். மீட்டரில் 500-க்குள் இருந்தால் தைரியமாக ஊற்றலாம், 1000-ஐத் தாண்டினால் இளங்கன்றுக்கு ஊற்றாதீர்கள், எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் சரி. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவு நீரைச் செடிக்குப் பிடித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள். மழைத் தண்ணீர்தான் முதல் தரம், உப்பே இருக்காது, லேசான புளிப்புத்தன்மையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழுவதை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் சில தொட்டிகளுக்குத் தாராளமாக வரும். அது தீர்ந்தால் ஊருணித் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். குடிக்கவே குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊர்களில் செடிக்கு நல்ல தண்ணீரா என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் இளங்கன்றுக்குத் தேவை ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கும் குறைவு, அரிசி களைந்த தண்ணீரில்கூட உப்பு போடாதவரை சமாளிக்கலாம்.

உப்பு குறைவாகவும் பிஎச் மட்டும் கூடுதலாகவும் உள்ள தண்ணீருக்குத்தான் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). பத்து லிட்டருக்குக் கால் டீஸ்பூன் போட்டுக் கலக்கிப் பாருங்கள், 6-க்கும் 6.5-க்கும் நடுவில் வரும்வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் அளவு மாறும், பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குச் சரிவராது.

மாற்றி நடுவதை வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பே நாற்றுப் பைக்குத் தண்ணீர் விட்டால் வேர்ப்பந்து உடையாமல் வரும். நட்டதும் அடித் துளை வழியே வடியும்வரை ஒருமுறை நிறைய ஊற்றுங்கள், மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறி வேரோடு மண் ஒட்டும். அதற்கப்புறம் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். வேர் இன்னும் பழைய பந்துக்குள்தான் இருக்கிறது, தொட்டி முழுக்க நனைத்தால் ஓரத்து மண் ஈரத்திலேயே கிடந்து அழுகலுக்கு வழி செய்யும். வேர்ப்பந்தைச் சுற்றி மட்டும், விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். வேர்ப்பந்தையும் தனியாகத் தொட்டுப் பார்க்கவும், சுற்றி ஈரமாக இருந்து அது மட்டும் காய்ந்து போவது உண்டு.

மத்தியானம் இலை தொங்கினால் பதறாதீர்கள். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெயில் வாட்டம். காலையிலும் தொங்கிக் கிடந்து மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் கூடிப்போய்விட்டது, நிறுத்துங்கள். மண் காய்ந்திருந்தால் உடனே ஊற்றுங்கள்.

நம்ம பக்கம் வெயிலைவிடக் காற்றுதான் கன்றைக் காயவைக்கும், ஆடிக் காற்றில் காலையில் விட்ட ஈரம் மதியத்துக்குள் போய்விடும். அது உப்பையும் கொண்டுவந்து இலையில் படிய வைக்கும். கடல் பக்கம் பனை ஓலைத் தட்டி ஒன்று கட்டி, ஐந்தாறு நாள் நிழலில் வைத்து, மண்மேல் காய்ந்த இலைச் சருகு பரப்புங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் இலையை நல்ல தண்ணீரால் லேசாக அலசிவிட்டால் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம், வடிந்த உப்பை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் இரண்டையும் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். புளிப்பு மண் உள்ள ஊருக்கு அது நல்லது. சுண்ணாம்பிலேயே கிடக்கும் நம்ம மண்ணுக்கு இரண்டும் கெடுதல், தயவுசெய்து போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கொழுந்து மஞ்சளாகவே வந்தால், புது இலை விடத் தொடங்கியபின் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், அதோடு சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் கட்டிப்போட்டுவிடும்.

மூன்று வாரம் கழிந்து புதுத் தளிர் தெளிவாக வந்துவிட்டால் சுமாரான போர் தண்ணீரை நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து பழக்கலாம். கலந்த பிறகும் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஊற்றுவதில் கொஞ்சமாவது அடியில் வடியும்படி ஊற்ற வேண்டும், உப்பு வெளியேறும் வழி அது ஒன்றுதான். தொட்டி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பொரிந்தால் அந்த மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக, தொட்டி கொள்ளும் அளவுக்கு ஊற்றி வடியவிடுங்கள், மழை பெய்தால் தொட்டியை வெளியே நகர்த்தி வைத்தாலே அந்த வேலை முடிந்துவிடும்.