கீரைக் கணக்கு, மாமரக் கணக்கு

விசா இரண்டாம் தரமும் மறுக்கப்பட்ட அன்று மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் போய் நின்றேன். 1924இல் கட்டிய அந்தப் பழைய இரும்புப் பாலத்தில். வீட்டுக்கு வந்தால் அம்மம்மா, "ஒரே ஒரு வாழையை நட்டுப்போட்டு ஏன் மனே வானத்தைப் பார்க்கிறாய்?" என்றார்.

சரியென்று அடுத்த நாள் வளவைக் கொத்தினேன். மணல் தரை, மாட்டெரு போடாமல் எதுவும் பிடிக்காது. முளைக்கீரை தூவினேன், 25 நாளில் பிடுங்கலாம். பயற்றங்காய்க்குக் கம்பு நட்டேன், 50 நாள். மூலையில் ஒட்டு மாங்கன்று, காய்க்க மூன்று நான்கு வருடம்.

விசாப் படிவத்தைக் கிழிக்கவில்லை. அது மாமரக் கணக்கில் போய்விட்டது. ஆங்கிலம் கீரைக் கணக்கு: நாளுக்குப் பத்துச் சொல். முதல் கீரையை ஆடு தின்றது, அது வேறு கதை. பயற்றங்கொடி இப்போது கம்பின் நுனியைத் தாண்டி, மதில் பக்கம் சாய்ந்து பிடி தேடுகிறது.