பழைய பாக்ஸிங் கொட்டகையில் நான் செய்த தப்புகள்

வடசென்னையில் பாக்ஸிங் கற்கப் போகிற பையன்கள் முதல் நாளே தொங்குகிற மணல் மூட்டையைக் குத்தத்தான் துடிப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பேர் சொல்லி மோதிய ஊர், 1980-ல் முகமது அலியே வந்து இன்னொரு குத்துச்சண்டை வீரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடிவிட்டுப் போன ஊர் என்று கேட்டு வளர்ந்ததால், அந்தத் தகரக் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே பாதி வீரன் ஆகிவிட்ட நினைப்பு. வாத்தியார் கையில் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்தார். இரண்டு வாரம் அதுதான்.

அது பிடிக்காமல் அவர் இல்லாத நேரம் மூட்டையைக் குத்தினேன் பாருங்கள், அதுதான் முதல் தப்பு. குத்தின் பலம் கையில் இல்லை. பின்னங்காலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, தோள் வழியாக வருகிறது. கால் நிற்கத் தெரியாதவன் குத்தினால் வெறும் கைதான் போகும். கூடவே இன்னொன்று: பழைய மணல் மூட்டையில் மணல் கீழே இறங்கி, அடிப்பக்கம் கல்லாகியிருக்கும். நான் பேண்டேஜை விரல் முட்டிக்கு மேல் மட்டும் சுற்றிக்கொண்டு அங்கேயே விட்டேன் ஒரு குத்து, மணிக்கட்டு மடங்கிவிட்டது. நாலரை மீட்டர் துணி எதற்கு? மணிக்கட்டையும் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டத்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தாதீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் உஸ்ஸென்று விடுங்கள், இல்லையென்றால் முதல் ரவுண்டிலேயே தோள் கனத்துவிடும். ஸ்பாரிங்குக்கு, அதாவது ஆளோடு ஆள் மோதிப் பழகுவதற்கு, மூட்டை குத்துகிற சின்ன கிளவுஸ் போடாதீர்கள், 16 அவுன்ஸ் வேண்டும்.

ஆனால் பெரிய தப்பு இதெல்லாம் இல்லை, தலையில் பட்ட அடியை மறைப்பதுதான். ஒருநாள் ஸ்பாரிங்கில் வலக்கைக் குத்து ஒன்று வாங்கி, ஒரு பல்பு இரண்டாகத் தெரிந்தது. ஹெட்கார்ட் போட்டிருந்தோமே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஹெட்கார்ட் புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. இது அப்போது எனக்குத் தெரியாது. ரோஷம் வேறு. மறுநாளும் போய் வளையத்தில் ஏறி, பாதியில் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தேன். தலையில் அடிபட்டுத் தலைவலி, மயக்கம், குமட்டல் எது வந்தாலும் அன்றைக்குச் சண்டை அத்தோடு முடிந்தது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது.

வாத்தியார் திட்டவில்லை. டாக்டரிடம் அனுப்பினார், அப்புறம் ஒரு மாதம் மூலையில் உட்கார்ந்து மணி அடிக்கச் சொன்னார். 3 நிமிட ரவுண்டுக்கு ஒரு மணி, 1 நிமிட ஓய்வுக்கு ஒரு மணி. எல்லோர் காலையும் அப்போதுதான் பார்த்தேன்.