முட்டிக்குள் மடிப்பு உரசினால்: பிளிகா வலிக்கு என்ன செய்வது?

ஸ்கேன் அறிக்கையில் ‘பிளிகா’ என்று பார்த்ததும் ஜவ்வு கிழிந்துவிட்டதோ என்று பலர் பயந்துபோகிறார்கள். அது வேறு, இது வேறு. முழங்கால் மூட்டின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வில், கரு வளர்ச்சியின் மிச்சமாக நின்றுவிட்ட மடிப்புதான் பிளிகா. நிறையப் பேருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்குத் தொந்தரவே தராது. உரசி உரசித் தடித்துப்போனால்தான் வலி.

வம்பு செய்வது பெரும்பாலும் முட்டிச் சில்லின் உள்பக்க மடிப்பு. கால் மடங்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே மாட்டி நசுங்கும். முட்டியில் பட்ட அடி, திடீரென்று கூட்டிய ஓட்டப் பயிற்சி, சீட்டைத் தாழ்த்தி வைத்து நெடுந்தூரம் மிதித்த சைக்கிள் என ஏதாவது ஒன்றில் தொடங்கும்.

சில்லின் உள் ஓரத்தை விரலால் நெருடிப் பாருங்கள். மெல்லிய கயிறு போல ஒன்று உருண்டு, அமுக்கினால் அதே வலி வந்தால் சந்தேகம் வலுக்கும். மற்ற முட்டியையும் தொட்டு ஒப்பிடுங்கள். படியில் இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலி கூடும். சிலருக்குச் ‘சொடக்’ என்று சத்தமும் கேட்கும்.

முதல் இரண்டு வாரம் உரசலை நிறுத்த வேண்டும். குந்துவது, சம்மணம், மண்டியிடுவது, குதிப்பது எதுவும் வேண்டாம். ஐஸை மெல்லிய துணியில் சுற்றி 15 நிமிடம், நாளுக்கு மூன்று முறை வையுங்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள்; உரசலால் வந்த வீக்கத்துக்கு இன்னும் உரசலா? வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

கூடவே பயிற்சி. முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கிக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள், 10 தடவை. பிறகு மல்லாந்து படுத்து, மற்ற காலை மடக்கி, வலிக்கும் காலை நீட்டியபடி ஓரடி உயர்த்தி மெதுவாக இறக்குங்கள், இதுவும் 10. இரண்டையும் தினம் மூன்று வேளை செய்யலாம். பின்தொடையை 30 விநாடி இழுத்துப் பிடிப்பதை விட்டுவிடாதீர்கள். அது இறுகியிருந்தால் காலை நீட்ட முன்தொடை கூடுதலாக உழைக்கும், சில்லு மடிப்பின் மேல் இன்னும் அழுந்தும். பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: வலி சற்றுக் குறைந்ததும் ஜிம்மில் எடை வைத்துக் காலை நீட்டும் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் சுவரில் சாய்ந்து, முட்டி கொஞ்சமாக மடங்கும் அளவுக்கு மட்டும் இறங்கி ஏறினால் போதும். சைக்கிள் சீட்டை, பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும்படி உயர்த்துங்கள்.

இதற்கு 6 முதல் 12 வாரம் கொடுங்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, கடைசியாக நுண்துளை வழியே மடிப்பை வெட்டியெடுப்பது. ஸ்கேனில் மடிப்பு தெரிவதாலேயே வலி அதனால்தான் என்றாகாது. ஜவ்வையும் குருத்தெலும்பையும் சரிபார்த்த பிறகே அறுவைக்குச் சம்மதியுங்கள்.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டாலோ, காய்ச்சலோடு சூடாக வீங்கினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள்.