மேற்கோள் நெரிசலைக் குறைத்த விதம்

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் படித்த நெறியாளர், "எல்லாரும் பேசறாங்க, நீங்க எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பத்திக்குப் பத்தி நேர்மேற்கோள்.

ஒவ்வொன்றையும் எடுத்து, இந்தச் சொற்களையேவா நான் அலசப்போகிறேன் என்று பார்த்தேன். வரையறைகளும், நான் மறுக்கவிருந்த வாதங்களும் அப்படியே நின்றன, பக்க எண்ணோடு. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் நடைக் கையேடு) 7ஆம் பதிப்பின்படி, நேர்மேற்கோள் 40 சொல்லோ அதற்கு மேலோ இருந்தால் மேற்கோள்குறி கிடையாது. உள்தள்ளித் தனிப் பத்தியாகத் தரவேண்டும்.

மற்றவற்றை மறைமுக மேற்கோளாக்கினேன், அதாவது கருத்தை என் சொற்களில் எழுதினேன். வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லை மாற்றினால் அதே எலும்புக்கூடு தங்கிவிடுகிறது. அதனால் மூலத்தை மூடிவைத்து, புரிந்ததை எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டேன். சொல் நம்முடையதானாலும் கருத்து மூலத்தை எழுதியவருடையது. ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டே ஆகவேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

பெரிய தலைவலி, ஒருவர் நூலில் படித்த இன்னொருவர் கருத்து. முடிந்தவரை மூலத்தைத் தேடிப் படித்தேன். கிடைக்காதபோது இருவரையும் வாக்கியத்தில் குறித்து, துணைநூற்பட்டியலில் நான் படித்த நூலை மட்டும் சேர்த்தேன்.

இயல் நான்கு பக்கம் இளைத்தது. நெறியாளர் அடுத்த இயலைக் கேட்டிருக்கிறார்.