ஹீட் பம்ப் டிஃப்ராஸ்ட் ஆகும்போது பண்ணக்கூடாத தப்புகள்

ஹீட் பம்ப்னா வெளிக்காத்துல இருக்க சூட்ட இழுத்து வீட்ட சூடாக்குற மெஷின், அதோட அவுட்டோர் யூனிட்ல படியிற ஐஸ அது தானே கரைச்சுக்கறதுதான் டிஃப்ராஸ்ட். வெளிய நல்ல குளிர், அவுட்டோர் யூனிட்ல திடீர்னு ஃபேன் நின்னுடும், உஸ்ஸுனு ஒரு சத்தம், அப்புறம் வெள்ளையா புகை கிளம்பும், அத பாத்துட்டு பதறிப்போய் பிரேக்கர ஆஃப் பண்றவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அது புகை இல்ல, நீராவி.

வெளிக்காத்துல இருந்து சூட்ட இழுக்கணும்னா அவுட்டோர் யூனிட்ல இருக்க காயில் (குளிர்பதன கேஸ் ஓடுற குழாய்ச் சுருள்) அந்த காத்த விட குளிர்ச்சியா இருந்தாகணும். அதனால வெளிய 2, 3 டிகிரி இருந்தாலே காயில் 0-க்கு கீழ போயிடும், காத்துல இருக்க ஈரம் அதுமேல உறைஞ்சு ஒட்டிக்கும். அப்ப ரிவர்சிங் வால்வு திசைய மாத்தி சூடான கேஸ வெளிக்காயிலுக்கு அனுப்பும், குளிர்காத்து அந்த சூட்ட அடிச்சிட்டு போகக்கூடாதுன்னுதான் ஃபேன் நிக்குது. பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நடுவுல ஆஃப் பண்ணா பாதி உருகுன பனி மறுபடி கெட்டியா இறுகி, அடுத்த தடவை கரைக்கிறது இன்னும் கஷ்டம்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர் வச்சு ஐஸ சுரண்டுறதுதான் இருக்கறதுலயே மோசமான தப்பு. காயில் மேல இருக்க அலுமினிய ஃபின் (மெல்லிசான தகடு) காகிதம் மாதிரி மடங்கிடும், உள்ள இருக்க குழாய்ல ஓட்டை விழுந்தா கேஸ் மொத்தமும் போச்சு. உப்பு போட்டா உலோகம் அரிக்கும். கொதிக்கிற தண்ணியும் வேணாம், கீழ வடிஞ்சு அங்கயே உறைஞ்சிடும்.

உருகுன தண்ணி எங்க போகுதுன்னு யாருமே பாக்கறதில்ல, எனக்கு இதுதான் ரொம்ப ஆதங்கம். அடித்தட்டுல இருக்க ஓட்டைங்க இலை, குப்பையால அடைச்சிருந்தா தண்ணி அங்கயே தேங்கி உறைஞ்சு, ஒவ்வொரு டிஃப்ராஸ்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி, கடைசில ஃபேன் இறக்கையிலயே இடிக்கும். குளிர் வர்றதுக்கு முன்னாடியே சுத்தம் பண்ணுங்க. பனி கொட்டுற ஊர்னா ஸ்டாண்ட் போட்டு யூனிட்ட தூக்கி வைங்க, கூரைத்தண்ணி மேல சொட்டாம பாத்துக்கோங்க. ஓடுற யூனிட்டுக்கு கவர் போடவே கூடாது, காத்து வரலன்னா ஐஸ் இன்னும் சீக்கிரமா சேரும்.

சில பழைய மாடல் கன்ட்ரோல் போர்டுல எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவை டிஃப்ராஸ்ட் ஆகணும்னு 30, 60, 90 டைமர் செட்டிங் இருக்கும், அடிக்கடி கரைச்சா நல்லதுதானேன்னு 30-ல வச்சிடறாங்க. ஒவ்வொரு தடவையும் வீட்டு சூட்டதான் வெளிய அனுப்புறோம், தேவையில்லாம வச்சா கரண்ட் பில்தான் ஏறும். கடுங்குளிர்லதான் ஐஸ் ஜாஸ்தி சேரும்னு நினைக்கறதும் தப்பு, மைனஸ் 15-ல காத்துல ஈரமே கம்மி, 0-வ ஒட்டி ஈரக்காத்து அடிக்கிற நாள்லதான் அதிகமா படியும்.

மெல்லிசா வெள்ளப்பனி படிஞ்சா கவலையே வேணாம். ஆனா மேல்பக்கம் வரைக்கும் கெட்டி ஐஸ் மூடி, ரெண்டு மூணு மணி நேரம் ஆகியும் போகலன்னா யூனிட்ட நிறுத்திட்டு டெக்னீஷியன கூப்பிடுங்க. சென்சார், ரிவர்சிங் வால்வு, ஃபேன் மோட்டார், கேஸ் அளவு எல்லாத்தையும் பாக்க சொல்லுங்க, கேஸ் கம்மியா இருந்தா எங்க லீக்குன்னு கண்டுபிடிக்காம வெறுமனே நிரப்பிட்டு போக விடாதீங்க.