கொம்பியூட்டர் இடைக்கிடை ஸ்டக் ஆகினால்: ஃபோமட் அடிக்க முதல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நிற்கும். ஐந்து விநாடி, பத்து விநாடி, சிலவேளை அரை நிமிடம். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடரும். நீலத் திரை வராது, ரீஸ்டார்ட் ஆகாது, பிழைச் செய்தி எதுவும் காட்டாது. கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு மணித்தியாலம் ஓடியும் நிற்காது. இந்தப் பிழை இலகுவில் பிடிபடாததற்கு அதுதான் காரணம்.

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எங்கே பார்த்தாலும், ரிப்பெயர் பழகும் பிள்ளைகள் இதில் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வைரஸ் ஸ்கான் பண்ணுவது, சி டிரைவில் இடம் விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

ஸ்டக் ஆகும் நேரத்தைப் பயன்படுத்தாமல் விடுவது

அந்தப் பத்து விநாடிக்குள்தான் தடயம் இருக்கிறது. ரீசெட் பட்டனில் கை வைக்காதீர்கள். மவுஸை அசையுங்கள், கீபோட்டில் கப்ஸ் லொக்கை அழுத்துங்கள், கேசிங்கின் முன்பக்க ஹாட் டிஸ்க் லைட்டைப் பாருங்கள்.

அம்பு ஓடுகிறது, கப்ஸ் லொக் லைட்டும் மாறுகிறது, ஆனால் எந்த விண்டோவும் திறக்கவில்லை, டிஸ்க் லைட் விடாமல் எரிகிறது என்றால், விண்டோஸ் டிஸ்கிடம் எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. வீட்டு மெஷின்களில் அதிகம் வருவது இதுதான். அம்பும் சேர்ந்து நின்று, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே ஒலியாக இழுபட்டால் டிரைவர், ராம், மதர்போட் பக்கம் தேட வேண்டும். திரை ஒரு கணம் கறுத்து மீண்டால் டிஸ்பிளே டிரைவர். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற இலக்கம் இருக்கும். அம்பு மட்டும் தடக்கி, பின்னால் வீடியோ ஒழுங்காக ஓடினால் மெஷினில் பிழை இல்லை. வயர்லெஸ் மவுஸின் டொங்கிள் யூஎஸ்பி 3 துவாரத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கும். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும். டொங்கிளை வேறு பக்கத் துவாரத்துக்கு மாற்றினால் போதும்.

ஸ்டக் ஆன நேரத்தைக் கொப்பியில் குறியுங்கள். பிறகு ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், அதே நிமிடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 129 என்றால் டிஸ்க் பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் பண்ணியிருக்கிறது. 153 என்றால் கேட்டதையே திரும்பவும் கேட்டிருக்கிறது. 7 என்றால் டிஸ்கில் பழுதான பகுதி இருக்கிறது. இந்த மூன்று இலக்கமும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

டிஸ்கைப் பார்க்காமல் ஃபோமட் அடிப்பது

இதைப் பார்க்கும்போதுதான் உண்மையாகவே கோபம் வருகிறது. நடப்பது எப்போதும் இப்படித்தான்.

"தம்பி, மெஷின் இடைக்கிடை நிண்டு நிண்டு ஓடுது."

"வைரஸா இருக்கும் அம்மா. ஃபோமட் அடிச்சுத் தாறன். டீயில இருக்கிறது ஒண்டும் போகாது."

டி டிரைவில் இருப்பது போகாது என்பது சரி. ஆனால் எந்த வீட்டில் படங்களை டி டிரைவில் வைத்திருக்கிறார்கள்? டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் சி டிரைவில்தான் இருக்கின்றன. வன்னியில் 2009க்கு முன் எடுத்த படங்கள் பல வீடுகளில் இல்லை. இடப்பெயர்வில் அல்பங்கள் போய்விட்டன. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் தன்னிடம் இருந்த பிரதியை ஸ்கான் பண்ணி அனுப்பியிருப்பார். அது டெஸ்க்டொப்பில் "நியூ ஃபோல்டர்" என்ற பெயரில் கிடக்கும். அந்த ஃபோல்டரைக் கேட்காமல் அழிப்பவர் என்ன ரிப்பெயர் செய்தார்?

தொழில் ரீதியாகவும் இது பிழை. பழைய ஹாட் டிஸ்கில் ஒரு பகுதியை வாசிக்க முடியாமல் போனால், டிஸ்க் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். அந்த நேரம் மற்ற எல்லாமே காத்து நிற்கும். ஸ்டக் ஆவது அதனால்தான். வாசிக்க முடியாத அந்தப் பகுதியை டிஸ்க் ஒரு பட்டியலில் போட்டுவைக்கும். அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்போதுதான், அதைக் கைவிட்டு மாற்றிடம் கொடுப்பதா என்று முடிவெடுக்கும். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது பல கிகாபைட் எழுதப்படுவதால் பட்டியலில் சில சுத்தமாகும், சிஸ்டம் ஃபைல்களும் வேறு இடத்தில் போய் அமரும். மெஷின் சரிவந்ததுபோல ஓடும். டிஸ்கின் மேற்பரப்பு பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். சில கிழமையில் அதே மெஷின் அதே முறைப்பாட்டோடு திரும்பி வரும். இந்தமுறை படங்களும் இருக்காது.

குயிக் ஃபோமட் என்றால் ஃபைல்களின் அட்டவணைதான் போகும், மீட்கக் கொஞ்சம் வழி இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபோமட் கொடுத்தால், விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்பும் முழுப் பகுதியிலும் பூச்சியம் எழுதும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றும் எடுக்க முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து நான்கு வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6, சி7. முதல் மூன்றும் டிஸ்கின் மேற்பரப்பைப் பற்றியவை. 05 கைவிட்டு மாற்றிய பகுதிகள், சி5 இன்னும் முடிவெடுக்காத பகுதிகள், சி6 வாசிக்கவே முடியாதவை. சி5 பூச்சியத்துக்கு மேல் இருந்து மெஷினும் ஸ்டக் ஆகுமென்றால் வேறு காரணம் தேடத் தேவையில்லை. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர், அதற்குள் ரோ வேல்யூஸ் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிவிட்டு வாசியுங்கள். இதை மாற்றாமல் 10 என்று வாசித்தால் உண்மையில் அது 16.

பாவித்த மெஷின் வாங்கியவர்கள் அதே பக்கத்தில் பவர் ஒன் அவர்ஸ் (டிஸ்க் இதுவரை ஓடிய மணித்தியாலம்) வரியையும் பாருங்கள். நாளுக்கு எட்டு மணித்தியாலம், வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 2,000 மணித்தியாலம். 25,000 என்று காட்டும் டிஸ்கைப் "புதுசு மாதிரி" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

டாஸ்க் மனேஜரிலும் இது தெரியும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் 100 வீதம் என்று காட்டும்போது வாசிக்கும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 100 வீதத்தோடு வேகமும் பல மெகாபைட் என்றால் டிஸ்குக்கு வேலை கூட. 100 வீதம் காட்டி வேகம் பூச்சியமாகி, ரெஸ்பொன்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிவிநாடிக்கு ஏறினால் டிஸ்க் தடுமாறுகிறது.

அதே தவறின் தம்பி: முதலில் செக்-டிஸ்க் ஓட்டுவது

கொஞ்சம் பழகியவர்கள் ஃபோமட் அடிக்க மாட்டார்கள். பழுது தேடித் திருத்தும் முழு செக்-டிஸ்கை இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுப் படுப்பார்கள். அது டிஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் வாசிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்குக்கு அந்த வேலை தாங்காது. அதோடு, செக்-டிஸ்க் பார்ப்பது ஃபைல் சிஸ்டம் ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான். ஒழுங்காக்குவதற்காக உங்கள் ஃபைலின் பதிவை நீக்கவும் அது தயங்காது.

முதலில் பிரதி எடுங்கள். மெஷினை அணைத்து, டிஸ்கைக் கழற்றி, இன்னொரு மெஷினில் இரண்டாவது டிஸ்காக, மதர்போட்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாகப் பூட்டுங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் பழுதான பகுதி வரும்போது பெட்டியே தொங்கிவிடும். விண்டோஸ் "ஃபோமட் பண்ணவா?" என்றோ "ஸ்கான் பண்ணித் திருத்தவா?" என்றோ கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். படங்கள், காணிப் பத்திரங்களின் ஸ்கான், பிள்ளைகளின் பாட வேலை என்று முக்கியமானதிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஃபைலில் நின்றால் ஸ்கிப் கொடுத்து அடுத்ததுக்குப் போங்கள். அதே ஃபைலைத் திரும்பத் திரும்ப முயன்று மற்றதையும் இழக்காதீர்கள்.

நிறையப் பழுதென்றால் லினக்ஸ் பென் டிரைவில் டிடி-ரெஸ்கியூ பாவியுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டவற்றைக் கடைசியில் முயலும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் எதையும் ஓட்டாதீர்கள், உடனே அணையுங்கள்.

இன்னொன்று. விண்டோஸைப் புதிதாகப் போட்டபின், டி டிரைவில் தப்பிய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து கிடக்கும். ஃபைல் பழுதென்று அழித்துவிடுவார்கள். பழுதில்லை. பாமினியில் தட்டியது, எழுத்துரு சி டிரைவோடு போய்விட்டது, அவ்வளவுதான். பாமினியைத் திரும்பப் போட்டால் எழுத்து வரும். பிரதி எடுக்கும்போதே ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள்.

கேபிளை மறந்து டிஸ்கைக் குப்பையில் போடுவது

05, சி5, சி6 மூன்றும் பூச்சியம், சி7 மட்டும் ஏறுகிறதா? டிஸ்க் நல்லது. டிஸ்குக்கும் மதர்போட்டுக்கும் இடையில் தகவல் சிதைகிறது. கிளிப் உள்ள புது சாட்டா கேபிள் ஒன்றைப் போட்டு, மதர்போட்டில் வேறு துவாரத்திலும் மாற்றிச் செருகுங்கள். சி7 ஒருபோதும் பூச்சியத்துக்குத் திரும்பாது, அதனால் இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பவர் கேபிளின் பிளாஸ்டிக் தலை பழுப்பேறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உருக்கி வார்த்த மலிவுத் தலைகள் எரிந்தே போகும்.

ராம் கூட்டினால் சரிவரும் என்று நினைப்பது

4 ஜிபியில் குரோம் திறந்தால் மெதுவாகும், உண்மை. ஆனால் மெதுவாவது வேறு, நின்று தொடர்வது வேறு. பழுதான ராம் பெரும்பாலும் நீலத் திரையையோ ரீஸ்டார்ட்டையோதான் தரும். சந்தேகமென்றால் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம்.

கிளீனர், டிரைவர் பூஸ்டர்

மெஷினைச் சுத்தமாக்குவதாகவும் டிரைவரைப் புதுப்பிப்பதாகவும் சொல்லும் இந்த மென்பொருள்களைப் போடவே வேண்டாம்.

கரண்டைக் குறை சொல்வது

வோல்ட்டேஜ் விழுந்தால் மெஷின் அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். பத்து விநாடி நின்றுவிட்டுத் தொடராது. மல்ரி பிளக் ஆடினால் அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்தப் பிழைக்கு அது மருந்தில்லை.

தூசியைத் தவறாக ஊதுவது

சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதிப் பக்கத்து வீடுகளில் சிபியூ ஹீட்சிங்கின் இடுக்குகள் செம்மண்ணால் அடைபட்டிருக்கும். சூடேறினால் சிபியூ வேகத்தைக் குறைக்கும், மெஷின் இழுபடும். புளோவரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பெயாரிங் போகும். வீட்டுக்குள் வைத்து ஊதாதீர்கள், அதே தூசி திரும்ப உள்ளே போகும். ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டு, பயறளவு புதுப் பேஸ்ட் வையுங்கள்.

எஸ்எஸ்டி போட்டபின் தேடுவதை நிறுத்துவது

எஸ்எஸ்டியிலும் ஸ்டக் ஆகும். மலிவான எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் எழுதும்போது திணறும், ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். 129 பதிவாகி, எஸ்எஸ்டியின் நிலையும் நன்றாக இருந்தால், பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். மின் சிக்கனத்துக்காக சாட்டா இணைப்பை விண்டோஸ் உறங்கவைக்கும், சில எஸ்எஸ்டிகள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழும்பாது.

ஏஎம்டி ரைசன் மெஷின் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. சிபியூவின் எஃப்-டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயோஸ் சிப்போடு தகவல் பரிமாறும்போது முழு மெஷினும் சத்தத்தோடு சேர்ந்து சிறிது தடக்கும். 2022 மார்ச்சில் ஏஎம்டி இதை ஒப்புக்கொண்டது. பயோஸுக்காக ஏஎம்டி கொடுக்கும் அஜீசா என்ற மென்பொருளின் 1.2.0.7 பதிப்பு சேர்ந்த பயோஸ்களில், அந்த ஆண்டு மே தொடக்கம், திருத்தம் வந்தது. பயோஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போட்டே செத்துவிடலாம். அதனால் முதல்நாளே யூபிஎஸ் பிளக்கை இழுத்துப் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று சோதியுங்கள். தாங்காவிட்டால் அப்டேட் வேண்டாம். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகுதான் தொடங்க வேண்டும்.

ஃபோல்டர் திறக்கும்போது மட்டும் நின்றால்

டிவிடி டிரைவைத் திறந்து பாருங்கள், கீறல் விழுந்த கலியாண வீட்டு டிவிடி உள்ளே இருக்கும். இல்லாவிட்டால், செருகியபடி விட்ட எக்ஸ்டேர்னல் டிஸ்க் உறங்கிவிட்டுத் திரும்பச் சுழலத் தொடங்கும் நேரம் அது. இரண்டையும் கழற்றிவிட்டு ஒரு நாள் பாவித்துப் பாருங்கள்.