வாடிக்கையாளர் பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்கும் முறை

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் ஒரு கடைக்கு, சி ஷார்ப் என்ற நிரல்மொழியில், விண்டோஸ் திரைகளை அமைக்கும் டபிள்யூபிஎஃப் கொண்டு பில் போடும் செயலி எழுதுவதாகக் கொள்வோம். வாடிக்கையாளர் பட்டியலில் ஒருவரே இரண்டு மூன்று முறை பதிவாகியிருப்பார். சி ஷார்ப்பில் பட்டியல்களை அலசும் வசதியான லிங்க்கில் (LINQ), இரட்டைகளை விலக்கும் 'டிஸ்டிங்க்ட்' முறை இதைத் தீர்த்துவிடும் என்று தோன்றும். ஆனால் இரண்டு பதிவுகள் சமமா என்று ஒப்பிட உதவும் 'ஈக்குவல்ஸ்', 'கெட்ஹேஷ்கோட்' ஆகிய இரண்டையும் நாம் மாற்றி எழுதாத கிளாஸ் (பதிவின் வார்ப்பு) எனில், விவரம் முழுதும் ஒன்றாக இருந்தாலும் அதிலிருந்து உருவான இரு ஆப்ஜெக்ட்களை (பதிவுகளை) 'டிஸ்டிங்க்ட்' வெவ்வேறாகவே கொள்ளும். ஆகவே எவை ஒத்திருந்தால் ஒரே ஆள் என்பதை முதலில் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெயரை மட்டும் நம்புவது காரைக்குடிப் பக்கத்தில் ஆபத்து. நகரத்தார் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடும் வழக்கம் இருப்பதால், பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே ஊரில் ஒரே பெயருடன் இருப்பது சாதாரணம். கைபேசி எண் மட்டும் போதாது. ஒரு வீட்டார் பலரும் ஒரே எண்ணைக் கொடுப்பதுண்டு. பெயர், எண் இரண்டையும் ஒரே மதிப்பாகச் சேர்த்த டியூப்பிளை, சி ஷார்ப் இயங்கும் தளமான டாட்நெட்டின் 6-ஆம் பதிப்பில் வந்த 'டிஸ்டிங்க்ட்பை' முறைக்கு, ஒப்பிடும் சாவியாகக் கொடுக்கலாம். புதிய முகவரி உள்ள பதிவே வேண்டுமெனில், அதே சாவியில் 'குரூப்பை' மூலம் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் தேதி பிந்தியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'சோலையப்பன்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சாவியாக ஒப்பிடும்போது இரண்டும் வேறு. சேமிக்கும்போதே, முன்பின் இடைவெளியை நீக்கும் 'டிரிம்', குறியீடுகளை ஒரே வடிவாக்கும் 'நார்மலைஸ்' இரண்டையும் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெளரி' என்று தட்டியிருந்தால் மட்டும் 'நார்மலைஸ்' உதவாது. அதைத் தனியாகத் திருத்த வேண்டும்.

வடிகட்டுவது வேறு வேலை. தேவகோட்டைக்காரர்களை மட்டும் திரையில் காட்ட, மூலப் பட்டியலைத் தொட வேண்டியதில்லை. 'கலெக்‌ஷன்வியூசோர்ஸ்' தரும் வியூவின் (பட்டியலைத் திரைக்குக் காட்டும் பார்வையின்) 'ஃபில்டர்' பண்பில் நிபந்தனையை வைத்து, தேடல் பெட்டியில் எழுத்து மாறும்போதெல்லாம் 'ரெஃப்ரெஷ்' செய்தால் போதும்.

நிரந்தரமாக நீக்குவதாயின், பட்டியலை ஒவ்வொன்றாகக் கடக்கும் 'ஃபார்ஈச்' சுழலுக்குள்ளேயே லிஸ்டிலிருந்து நீக்கக் கூடாது. செயலி பிழை காட்டி நின்றுவிடும். லிஸ்டுக்கு, நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை ஒரேயடியாக நீக்கும் 'ரிமூவ்ஆல்' உண்டு. மாற்றத்தைத் திரைக்குத் தானே தெரிவிக்கும் 'அப்சர்வபிள்கலெக்‌ஷன்' வகைக்கு அது இல்லாததால், கடைசி இன்டெக்ஸிலிருந்து (வரிசை எண்ணிலிருந்து) பின்னோக்கி வந்து 'ரிமூவ்அட்' செய்ய வேண்டும். அதற்கும் முன், நீங்கப்போகும் பதிவின் பழைய பில்களை, நிலைத்திருக்கும் பதிவின் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் வரவேண்டிய பாக்கி யார் பெயரிலும் நிற்காது.